ஆல் வீல் டிரைவ் காரைச் சறுக்கித் திருப்புவது எப்படி? ஆக்சிலரேட்டர் மிதித்தால் மூக்கு வெளியே போகிறது

ஸ்கார்பரோ சுபாரு எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது சாதாரண சுபாரு இம்ப்ரெஸா, மேனுவல் கியர். அதன் அதிவேக வகையான எஸ்.டி.ஐ. இல்லை, டர்போவும் கிடையாது. இந்தக் குளிர்காலத்தில் உறைபனித் தடம் ஒன்றில் கிளப் நடத்தும் பயிற்சி நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். போன வருடமும் போயிருந்தேன். வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வால் வெளியே வரும் என்று எதிர்பார்த்தேன். வண்டி நேராகப் பனிமேட்டைப் பார்த்துப் போகிறது. இன்னும் மிதித்தால் இன்னும் நேராகப் போகிறது. அதே வளைவில் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ. வாலை வீசிக்கொண்டு அழகாகப் போனது.

இணையத்தில் கிடைக்கிற விளக்கமெல்லாம் அந்த மாதிரி பின்சக்கர வண்டிக்குத்தான், அதாவது பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டிக்கு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைக் கட்டுப்பாட்டோடு சறுக்கவைத்துத் திருப்புவது எப்படி என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்ல வேண்டும். தெருவில் செய்வதற்கு இல்லை, தடத்தில் மட்டும்.

சரளை எழுதியது:

வண்டியில் ஒரு குறையும் இல்லை தம்பி. ஆல் வீல் டிரைவ் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ராலி வண்டிகளின் சர்வீஸ் குழுவில் பல வருடம் இருந்தவன் நான். டெஸ்ட் ஓட்டங்களில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நல்ல ஓட்டுநர்களின் கால்களைக் கவனித்திருக்கிறேன். அதில் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்சக்கர வண்டியில் சறுக்கலைத் தொடங்கிவைப்பது ஆக்சிலரேட்டர். ஆல் வீல் வண்டியில் தொடங்கிவைப்பது பிரேக்கும் எடை மாற்றமும். ஆக்சிலரேட்டர் அதற்குப் பிறகுதான் வருகிறது, வந்ததும் அது பெரும்பாலும் சறுக்கலை நேராக்கவே பார்க்கும்.

டயரின் பிடி என்பது கையிலிருக்கும் சம்பளப் பணம் மாதிரி. இழுக்கச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் குறையும். பின்சக்கர வண்டியின் முன் டயருக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். உங்கள் இம்ப்ரெஸாவின் முன் டயர் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். போதாததற்கு, ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே எடை பின்னால் போகிறது, மூக்கு லேசாகிறது. பனிக்கட்டியில் முதலில் கைவிடுவது முன் டயர்தான். அதனால்தான் மிதிக்க மிதிக்க நேராகப் போகிறது.

ஆகவே வளைவுக்குள் மூக்கைத் திருப்பி முடித்த பிறகே மிதிக்க வேண்டும். கால் ஆக்சிலரேட்டருக்குப் போகும்போது வண்டியின் முகம் ஏற்கெனவே வளைவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற உத்தியெல்லாம் அந்தத் திருப்பத்தை எப்படி வாங்குவது என்பதுதான்.

வாங்குவதற்கு வழி பல. வேகத்தோடு உள்ளே வந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விடுவது எல்லாவற்றிலும் எளிது. எடை முன்னால் விழும், வால் லேசாகும். பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்புவது அடுத்தது. அதற்கு மேலே இடது கால் பிரேக், எதிர்ப்பக்கம் ஒருமுறை ஆட்டித் திருப்புவது, ஹேண்ட்பிரேக். உங்கள் வண்டிக்கும் முதல் நாளுக்கும் முதல் இரண்டு போதும்.

கொண்டை ஊசி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சறுக்குவது பார்க்க நன்றாக இருக்கும், நேரத்தைத் தின்னும் என்பதுதான் நான் புரிந்துகொண்டது. செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து 9 முறை உலக ராலி பட்டம் வென்றார். அவர் ஓட்டுவதைப் பாருங்கள், வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போகும். பிறகு எதற்கு இந்தப் பயிற்சி?

சரளை எழுதியது:

கொண்டை ஊசி, பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். உலர்ந்த தார்ச் சாலையில் நீங்கள் சொல்வது சரி. அங்கே சாதாரண டயர் தன் முழுப் பிடியையும் 6 முதல் 10 டிகிரி சறுக்கு கோணத்துக்குள் (டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் உள்ள கோணம்) கொடுத்துவிடும். அதைத் தாண்டினால் பிடி குறைகிறது, டயர் கொதிக்கிறது, நேரம் போகிறது. லோப் தார்ச் சாலையில் வளர்ந்த ஓட்டுநர், அந்தச் சுத்தம் அவருடைய பெரிய பலம்.

சரளை மண்ணில் கணக்கு மாறுகிறது. டயர் பக்கவாட்டில் தள்ளும்போது தளர்ந்த கல்லும் மண்ணும் அதன் வெளிப்பக்கத்தில் குவிந்து, டயர் சாய்ந்து நிற்க ஒரு சின்ன வரப்பு உண்டாகிறது. அதனால் தாரில் வீணாகிற பெரிய கோணம் மண்ணில் பயன் தருகிறது. ஆழமான பனியிலும் அப்படியே. லோப்பும் பின்லாந்தின் மண் சாலையில் வண்டியைச் சறுக்கித்தான் திருப்பினார். தேவைக்கு மேல் ஒரு டிகிரி கூட சறுக்கவில்லை என்பதுதான் அவர் சிறப்பு.

இன்னொரு காரணம் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வண்டியின் முகம், அது போகும் திசையிலிருந்து 30 டிகிரி உள்பக்கம் திரும்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் வண்டியை முகம் பார்க்கும் பக்கம் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலில் சரிபாதி, வண்டியை வளைவின் உள்நோக்கி இழுக்கிற விசையாகிறது. சைன் 30 என்பது அரை, பள்ளிக்கூடக் கணக்குத்தான். அதாவது பக்கவாட்டுப் பிடி குறைந்த தரையில் எஞ்சினே வண்டியை வளைக்கிறது. நான்கு டயரின் பிடியும் அந்த வேலையில் சேருவதால்தான் ஆல் வீல் வண்டி மண்ணிலும் பனியிலும் பின்சக்கர வண்டியை அடித்துக்கொண்டு போகிறது.

ஸ்கார்பரோ சுபாரு எழுதியது:

இது எனக்குப் புதிது. அப்படியானால் சறுக்க ஆரம்பித்த பிறகு ஸ்டீயரிங் எங்கே இருக்க வேண்டும்? எதிர்ப்பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டுமா?

சரளை எழுதியது:

பின்சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் ஆல் வீல் வண்டியைப் பள்ளத்தில் இறக்குகிற இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பின்சக்கர வண்டியில் வால் வந்ததும் எதிர்ப்பக்கம் நிறையத் திருப்புவோம். முன் சக்கரம் அங்கே உருண்டுகொண்டு மட்டும் இருக்கும். உங்கள் வண்டியில் முன் சக்கரம் இழுக்கிறது. எதிர்ப்பக்கம் முழுசாகத் திருப்பிவைத்து ஆக்சிலரேட்டரையும் மிதித்தால், முன் டயருக்குப் பிடி கிடைத்த அந்த நொடியில் வண்டி அது பார்க்கிற பக்கமே பாய்ந்துவிடும். அந்தப் பக்கம் வளைவின் வெளிப்பக்கம். அங்கே மரமோ பள்ளமோ இருக்கும்.

ஆகவே முன் சக்கரம் நீங்கள் போக விரும்பும் இடத்தைப் பார்த்திருக்கட்டும், அதற்கு மேல் திருப்ப வேண்டாம். பெரும்பாலான நேரம் ஸ்டீயரிங் நடுவில், அல்லது எதிர்ப்பக்கம் கொஞ்சம் இருக்கும். நல்ல ஓட்டுநர் மண் சாலையில் நீண்ட வளைவில் சறுக்கிக்கொண்டு போகும்போது அவர் கையைப் பாருங்கள். வண்டி குறுக்கே போகிறது, ஸ்டீயரிங் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது, கை ஒரு விரற்கடை இங்கே, ஒரு விரற்கடை அங்கே அசைகிறது.

கோணத்தைச் சரிசெய்வது முக்கியமாகக் கால்தான். வால் அதிகமாக வந்துவிட்டதா, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள். முன் சக்கரங்கள் இழுத்து வண்டியை நீட்டிவிடும். மூக்கு வெளியே போகிறதா, ஆக்சிலரேட்டரை விடுங்கள். எடை முன்னால் வந்து மூக்கு பிடிக்கும், வால் வரும். பின்சக்கர வண்டியில் மிதித்தால் கோணம் கூடும், இங்கே பெரும்பாலும் குறையும். பயந்துபோய்க் காலை எடுத்தால் வால் இன்னும் வரும், வண்டி சுற்றும். இதைத் தலையால் புரிந்துகொள்வது சுலபம், காலுக்குப் புரிய நாளாகும்.

டிஃப் பெட்டி எழுதியது:

சரளை அண்ணா சொன்ன "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கொஞ்சம் விரிக்கிறேன். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும்தான் என் தொழில். ஆல் வீல் டிரைவ் என்று எல்லா வண்டியின் பின்னாலும் ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு வேறு.

ஸ்கார்பரோ நண்பரின் மேனுவல் இம்ப்ரெஸாவில் சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கிறது, அதாவது முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விட்டு விசையைப் பங்கிடும் பல்சக்கர அமைப்பு. முன்னுக்கும் பின்னுக்கும் 50:50. கூடவே விஸ்கஸ் கப்ளிங், அதாவது சிலிக்கோன் எண்ணெயில் தட்டுகள். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் எண்ணெய் இறுகி இரண்டையும் இணைக்கும். இறுகுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் நடத்தையில் திடீர் மாற்றம் இருக்காது. கற்றுக்கொள்ள நல்ல அமைப்பு.

சுபாருவின் சாதாரண ஆட்டோமேட்டிக்கில் அது கிடையாது. பல தட்டுகள் கொண்ட மல்டி பிளேட் கிளட்ச், சுமார் 60:40 முன்னுக்குச் சாதகம். கம்ப்யூட்டர் இறுக்கும். எஸ்.டி.ஐ.யில் ஓட்டுநரே சென்டர் டிஃபரன்ஷியலின் இறுக்கத்தை மாற்றலாம், 41:59 என்று பின்னுக்குச் சாதகம். அதில் ஆக்சிலரேட்டரால் வாலை ஓரளவு பிடித்துவைக்க முடியும்.

ஹால்டெக்ஸ் வகை, அதாவது குறுக்கு எஞ்சின் வைத்த ஆடி எஸ்3, கோல்ஃப் ஆர் போன்றவை, அடிப்படையில் முன்சக்கர வண்டிகள்தான். பின்பக்கம் தேவைப்படும்போது கிளட்ச் மூலம் சேரும். அதில் மிதித்தால் மூக்கு வெளியே போகிற குணம் இன்னும் அதிகம். அந்த வகையில் விதிவிலக்காக 2016-இல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்.எஸ். வந்தது. பின் அச்சில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு கிளட்ச். விசையில் 70 சதவீதம் வரை பின்னால் அனுப்பி, அதை முழுசாக ஒரே பின் சக்கரத்துக்குக் கொடுக்க முடியும். வெளிப்பக்கப் பின் சக்கரம் தள்ளினால் வண்டி தானே உள்ளே திரும்பும். டிரிஃப்ட் மோட், அதாவது சறுக்கல் முறை, என்று ஒரு பொத்தானே வைத்தார்கள்.

மிட்சுபிஷி இதை அதற்கு 20 வருடம் முன்பே தொட்டுவிட்டது. 1996-இல் வந்த லான்சர் எவல்யூஷன் 4-இல் பின் அச்சில் இடது வலது விசையைப் பங்கிடும் அமைப்பு இருந்தது. எவல்யூஷன் 7-இல் சென்டர் டிஃபரன்ஷியலும் கம்ப்யூட்டர் கைக்குப் போனது. என்னைக் கேட்டால் இன்றைக்கும் சறுக்கித் திருப்ப அவ்வளவு வசதியான ஆல் வீல் வண்டி குறைவு.

நம் ஊரில் பலர் தார்ச் சாலையிலும் ஃபோர் வீலில் போட்டு ஓட்டுகிற மஹிந்திரா தார் ஜீப் இந்தப் பேச்சிலேயே வராது. அதில் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் வீலில் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். உலர்ந்த சாலையில் திரும்பினாலே டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டி, முறுக்கிக்கொள்ளும். மண்ணுக்கும் சேற்றுக்கும் மட்டும் அது.

வடதுருவம் எழுதியது:

நார்வேயிலிருந்து எழுதுகிறேன். இங்கே கார் லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் வழுக்குத் தடத்தில் ஒரு கட்டாய வகுப்பு உண்டு. நம் பிள்ளைகள் எல்லாரும் அதைச் செய்துதான் வருகிறார்கள். அங்கே சறுக்கி ஓட்டக் கற்றுக்கொடுப்பது இல்லை. பிடி போய்விட்டால் வண்டி எவ்வளவு தூரம் உங்கள் பேச்சைக் கேட்காது என்பதை உடம்புக்குக் காட்டுகிறார்கள். அந்த அனுபவம் முதலில் வரட்டும், உத்தி அப்புறம்.

பனிக்கட்டியில் பழகுவதன் அருமையை ஒரு கணக்கு சொல்லும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவு. உலர்ந்த தாரில் உராய்வு 0.9 என்றால் மணிக்குச் சுமார் 48 கி.மீ. வரை டயர் தாங்கும். பனிக்கட்டியில் அது 0.15 என்றால் மணிக்கு 20 கி.மீ. தொடுவதற்குள் எல்லை வந்துவிடும். சைக்கிள் வேகத்தில் எல்லாம் நடக்கிறது. வால் நிதானமாக வருகிறது, யோசிக்க நேரம் கிடைக்கிறது, டயரும் தேயாது. கியர்பாக்ஸுக்கும் சுமை குறைவு.

டயரைப் பற்றி ஒன்று. ஆல் வீல் டிரைவ் வேகமெடுக்கத்தான் உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் அது கூடுதல் பிடி எதையும் தருவதில்லை. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்குத்தான். ஆல் சீசன் டயரில் போகாமல் நல்ல குளிர்கால டயரில் போங்கள், நான்கும் ஒரே வகையாக, ஒரே தேய்மானத்தில்.

கொண்டை ஊசி எழுதியது:

சரளையின் விளக்கம் புரிந்தது, மண்ணைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இடது கால் பிரேக் பற்றி ஒரு வரியில் தாண்டிப் போனீர்கள். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்தில் என்றால் ஒன்று மற்றொன்றை வீணாக்குவது போலத் தெரிகிறதே?

சரளை எழுதியது:

வீணாவது கொஞ்சம்தான், கிடைப்பது நிறைய. இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

இடது கால் பிரேக் ஸ்காண்டிநேவியாவில் முன்சக்கர வண்டிகளில் முதிர்ந்த உத்தி. சாப் வண்டிகளில் அதை ஓட்டி வளர்ந்தவர் ஸ்வீடனின் ஸ்டிக் ப்ளோம்க்விஸ்ட். முன்சக்கர வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே பிரேக்கையும் அழுத்தினால், முன் சக்கரத்தை எஞ்சின் சுழற்றிக்கொண்டே இருக்கும். பின் சக்கரத்துக்கு அந்த உதவி இல்லை, அது மட்டும் இழுபட்டு வால் வெளியே வரும்.

1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஆடி குவாட்ரோ வந்தது. அடுத்த வருடம் உலக ராலியில் இறங்கியது. 1981-இலேயே ஸ்வீடனில் ஹன்னு மிக்கோலா வென்றார், சான்ரெமோவில் மிஷெல் மூட்டோன் வென்றார். உலக ராலிச் சுற்று ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். வேகத்துக்குக் குறைவில்லை, திருப்பத்துக்குத்தான் குறை. ஐந்து சிலிண்டர் எஞ்சின் முழுசாக முன் அச்சுக்கு முன்னால் தொங்கியது. அந்த எடையோடு ஸ்டீயரிங்கை மட்டும் நம்பினால், ஸ்கார்பரோ தம்பி பார்த்த அதே காட்சிதான், மூக்கு நேராகப் போகும். அதற்கு மேல் டர்போ லேக். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் டர்போ படுத்துவிடும், மறுபடி எழுப்ப நேரமாகும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து இடது கால். வலது கால் ஆக்சிலரேட்டரை விடாது, டர்போ சுழன்றுகொண்டே இருக்கும். இடது கால் பிரேக்கைத் தொட்டு எடையை முன்னால் தள்ளும், மூக்கு கடிக்கும், வால் லேசாகும். சென்டர் டிஃபரன்ஷியல் பூட்டிய வண்டியில் முன்பின் சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுற்றுவதால், முன்சக்கர வண்டியைப் போல வால் தனியாக இழுபடாது. இங்கே வேலை செய்வது முக்கியமாக எடை மாற்றம்தான். 1983-இல் மிக்கோலாவும் 1984-இல் ப்ளோம்க்விஸ்ட்டும் குவாட்ரோவில் உலக சாம்பியன் ஆனார்கள்.

பக்கத்து சீட்டிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வளைவு வருகிறது, எஞ்சின் சத்தம் இறங்கவே இல்லை. வேகம் மட்டும் குறைகிறது. கீழே பார்த்தால் வலது கால் அப்படியே இருக்கிறது, இடது கால் விரல் நுனியால் பிரேக்கைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, ஒருமுறை ஓங்கி, பிறகு சின்னச் சின்னதாக. ஒவ்வொரு தட்டுக்கும் பானெட் கொஞ்சம் குனிகிறது, வண்டி ஒரு பங்கு உள்ளே திரும்புகிறது. ஸ்டீயரிங்கை அவர் வளைவின் வாசலில் ஒருமுறை திருப்பியதோடு சரி. நீண்ட வளைவு முழுவதையும் இடது காலாலேயே ஓட்டினார். அன்றைக்குப் புரிந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பாடம்.

ஒரு எச்சரிக்கை. 2010-க்குப் பிறகு வந்த பல சாதாரண வண்டிகளில் இரண்டு பெடலும் ஒன்றாக அழுந்தினால் கம்ப்யூட்டர் எஞ்சின் விசையை வெட்டிவிடும். உங்கள் வண்டி அந்த வகையா என்று தடத்தில் முதலில் பாருங்கள். ஆமாம் என்றால் இடது கால் பிரேக்கை மறந்துவிட்டு, வலது காலால் பிரேக் பிடித்துக்கொண்டே திரும்புவதைப் பழகுங்கள். இன்னொன்று, கிளட்ச் மிதித்தே பழகிய இடது காலுக்கு நளினம் தெரியாது. முதல் தடவை பிரேக்கை உதைக்கும், நெற்றி கண்ணாடிக்குப் போகும். காலியான நேர்ச்சாலைத் தடத்தில் மெதுவாக நிறுத்திப் பழகிய பிறகே வளைவுக்கு வாருங்கள்.

ஸ்கார்பரோ சுபாரு எழுதியது:

அந்த எதிர்ப்பக்கம் ஆட்டித் திருப்புவது? ஹேண்ட்பிரேக்? என் வண்டியில் கையால் இழுக்கிற லீவர்தான், பொத்தான் இல்லை.

டிஃப் பெட்டி எழுதியது:

ஹேண்ட்பிரேக்கை நான் சொல்கிறேன், அதில் என் வயிற்றெரிச்சல் இருக்கிறது. சென்டர் டிஃபரன்ஷியலோடு இணைந்த வண்டியில் பின் சக்கரத்தைப் பூட்டினால், விஸ்கஸ் கப்ளிங் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கும். வால் வருவதற்குப் பதிலாக வண்டி மொத்தமாக இழுபடும், எண்ணெய் சூடாகும். செய்தே ஆக வேண்டுமென்றால் கிளட்சை மிதித்துக்கொண்டு ஒரு சின்ன இழுப்பு, உடனே விட்டுவிட வேண்டும். ராலி வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கை இழுத்த நொடியில் பின் அச்சு விடுபடும்படி செய்திருப்பார்கள். சாலை வண்டிகளில் மிட்சுபிஷி எவல்யூஷன் 7-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், டொயோட்டா ஜி.ஆர். யாரிஸிலும் அந்த வசதி உண்டு. சாதாரண இம்ப்ரெஸாவில் இல்லை. ஹேண்ட்பிரேக் மிக இறுக்கமான கொண்டை ஊசி வளைவுக்கு மட்டும்தான் தேவை. பயிற்சி நாளில் அதைத் தொட வேண்டாம்.

சரளை எழுதியது:

ஆட்டித் திருப்புவது ஸ்காண்டிநேவிய ஓட்டுநர்களின் சொத்து. வலது வளைவு என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் திருப்புங்கள், அதே நேரம் ஆக்சிலரேட்டரை விடுங்கள். எடை வலது பக்கச் சக்கரங்களில் ஏறும். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து முடித்து, திரும்பி எழுந்திருக்கப் பார்க்கும் அந்தக் கணத்தில் வலது பக்கம் சுறுசுறுப்பாகத் திருப்பிப் பிரேக்கைத் தொடுங்கள். சாய்வு மறுபக்கம் முழு வீச்சில் வரும், லேசான வால் அதோடு சேர்ந்து வெளியே வரும். வளைவின் வாசலுக்கு முன்னாலேயே மூக்கு உள்ளே பார்க்க ஆரம்பித்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்து ஆக்சிலரேட்டர்.

இதில் எல்லாரும் தடுமாறுவது நேரத்தில்தான். முதல் ஆட்டம் முடிவதற்குள் இரண்டாவதைத் திருப்பினால் எடை மாறாது, வெறுமனே ஸ்டீயரிங் ஆடியது போலாகும். பிந்தினால் வண்டி இடது பக்கமே போய்விடும். பனிக்கட்டியில் இந்தச் சாய்வு மெதுவாக நடக்கும், உட்காரும் இடத்தில் அதை உணர முடியும், காத்திருங்கள்.

தார்ச் சாலையில், மலைப்பாதையில் இதைச் செய்து பார்க்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். எதிர்ப்பக்கம் ஆடுவதற்கு அகலமும், எதிரே யாரும் வராத உறுதியும் வேண்டும். மூடிய தடத்தில் மட்டும்தான் அந்த இரண்டும் கிடைக்கும்.

மழைக்கால மார்க்கம் எழுதியது:

ஸ்கார்பரோ நண்பரைப் போல நானும் டொராண்டோ பக்கம்தான். சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் படிக்கிறார்கள். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் வேண்டுமென்றே டயர் பிடி இழக்கும்படி சாலையில் திருப்புவது ஸ்டண்ட் டிரைவிங் கணக்கில் வரும். 2021-இலிருந்து போலீஸ் பிடித்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் போகும், வண்டி 14 நாள் அவர்கள் யார்டில் நிற்கும். வழக்கும் இன்ஷூரன்ஸ் ஏற்றமும் தனி. பனி பெய்த இரவில் சாலை காலியாக இருக்கிறது என்று யாரும் இறங்க வேண்டாம். நடந்து போகிறவர் தெரியமாட்டார்.

கொண்டை ஊசி எழுதியது:

நம் ஊரில் இதைப் பழக வழி இருக்கிறதா? கோவையில் ராலி நடக்கிறதே.

சரளை எழுதியது:

மண் சாலை ராலி நம் பக்கம் நன்றாகவே நடக்கிறது, ஆனால் நம் தேசியப் போட்டிகளில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கர வண்டிகள், முன்பு சீடியா, பிறகு போலோ. ஆல் வீல் ராலி வண்டியில் நம் ஆட்கள் சாதித்தது ஆசிய பசிபிக் ராலியில். சென்னையின் எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் ஸ்கோடா ஃபேபியாவில் 2013, 2016, 2017 என்று மூன்று முறை பட்டம் வென்றார். ஃபேபியாவில் நான்கு சக்கரமும் இழுக்கும், கம்ப்யூட்டர் உதவி ஏதும் இல்லாத மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல்கள். நியூசிலாந்தின் மண் சாலையில் அவர் ஓட்டிய வீடியோ கிடைத்தால் ஒலியைக் கூட்டிவைத்துப் பாருங்கள். வளைவு வாசலில் எஞ்சின் சத்தம் எங்கே மாறுகிறது, வண்டி எங்கே திரும்புகிறது என்று கவனித்தால் இந்த இழையில் பேசியதெல்லாம் காதிலேயே விழும்.

முன்சக்கர வண்டியில் மண்ணில் பழகியவர்களுக்கு ஆல் வீல் சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம். பிரேக்கால் வாலை வரவைக்கிற பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும். பின்சக்கர டிரிஃப்ட் ஆட்கள்தான் அதிகம் மறக்க வேண்டியிருக்கும்.

ஸ்கார்பரோ சுபாரு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தடத்துக்குப் போனதும் எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

சரளை எழுதியது:

முதலில் ஈ.எஸ்.பி., அதாவது சறுக்கலைத் தானே தடுக்கும் கம்ப்யூட்டர் அமைப்பின் பொத்தானை அணைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் அணைத்தாலும் பாதி உயிரோடு இருக்கும், சறுக்கல் நடுவே ஒரு சக்கரத்தைத் தானே பிடிக்கும். அது தெரியாவிட்டால் உங்கள் காலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

அப்புறம் வட்டம். அகலமான இடத்தில் நடுவில் ஒரு கூம்பு வையுங்கள். இரண்டாம் கியரில் சுற்றிக்கொண்டே, மூக்கு வெளியே போகும் வரை ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கூட்டுங்கள். ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். இப்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். மூக்கு உள்ளே வரும், வால் கிளம்பும். வால் கிளம்பியதை உணர்ந்த உடனே ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்து, திரும்ப மெதுவாக மிதியுங்கள். வண்டி நீளும். மறுபடி விடுங்கள். விடுவதும் மிதிப்பதும் நடக்க நடக்க, ஒரு கட்டத்தில் வண்டி சின்னக் கோணத்தில் நின்று வட்டம் முழுவதும் அப்படியே வரும். அது கைவந்த பிறகு பிரேக், அதற்குப் பிறகு ஆட்டித் திருப்புவது.

இரண்டு திசையிலும் சுற்றுங்கள். ஓட்டுநர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடது வளைவும் வலது வளைவும் ஒரே மாதிரி உணர்வு தராது. வசதியான பக்கத்திலேயே பழகினால் மற்றப் பக்கம் கடைசி வரை வராது.

பார்வையை எப்போதும் வளைவின் வெளிவாசலில் வையுங்கள், வண்டி குறுக்கே போகும்போது பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிவந்தாலும் சரி. பனிமேட்டைப் பார்த்தால் கை அங்கேதான் போகும்.

வடதுருவம் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். மதியத்துக்குப் பிறகு தடம் மாறிவிடும். எல்லா வண்டியும் போன பாதை கண்ணாடி போல மெருகேறி, காலையில் பிடித்த இடத்தில் பிடிக்காது. அப்போது அந்தப் பாதையை விட்டு ஓர் அகலம் வெளியே போங்கள். டயர்கள் ஒதுக்கிய பொடிப்பனி அங்கே கிடக்கும், பிடி அதில்தான் இருக்கும். பிரேக்கையும் காலையில் பழகிய இடத்துக்கு முன்னதாகவே பிடிக்கத் தொடங்குங்கள்.